கழித்தல் ஒன்று

ஃபஹாஹீலில் ஆகஸ்ட்.
பால்கனியில் வைத்த சுவர்ப்பூச்சு
பத்தே நிமிடத்தில் வெடித்துவிட்டது.
நல்லது. அந்த வெடிப்பைக் கத்தியால் கீற
ஒரு வாரம் ஒதுக்கியிருந்தேன்.

பூச்சுக்கு உள்ளே, ஏசி வந்த பெட்டியின் தெர்மாகோல்.
கூரைக்கு லுலுவில் வாங்கிய தேங்காய்நார் மிதியடி.
அஹ்லன் என்று அரபியில் எழுதியிருந்தது;
பாதி எழுத்து ஆறு வீட்டுக் கூரையேறிவிட்டது,
மீதி வாசலில் கிடந்து
வருகிறவர்களைப் பாதி வரவேற்கிறது.

இங்கத்து மணல் வெளுப்பு.
ஆர்க்காட்டு மண்ணின் நிறத்துக்கு
மஹ்ரூஃப் குடித்துமுடித்த சுலைமானியின் சக்கையும்
சைட்டிலிருந்து காகிதத்தில் மடித்துவந்த செங்கல் பொடியும்.
சலிக்க, அவனிடம் சொல்லாமல், அவனுடைய வடிகட்டி.

வந்தவாசி. ஆயிரத்து எழுநூற்று அறுபது, ஜனவரி.
எங்கள் வரைபடத்தில் கோட்டை இருக்கிறது, குளம் இருக்கிறது,
குதிரைப்படை நிற்குமிடம் அம்புக்குறியோடு இருக்கிறது.
ஊருக்கு ஒரு சாம்பல் கட்டம்.
விதிப்புத்தகம் அதற்கு ஒரு வரி ஒதுக்குகிறது:
கிராமம் – மறைவிடம். சுடுபவருக்குக் கழித்தல் ஒன்று.

அந்தக் கழித்தல் ஒன்றுக்கு
நாலு மாத வெள்ளிக்கிழமைகள்.
பட்டாணி அளவில் உரல்.
கொடியில் காய, மிட்டாய்த் தாளில் ஒரு சேலை.
சுவரில் தட்டிய வரட்டிக்கு விரல்தடம் வேண்டுமென்று
குண்டூசி முனையால் ஐந்தைந்தாகக் குத்தினேன்.
ஆட்கள் செய்யவில்லை.
செய்தால், எந்தப் பக்கம் என்று மாரெக் கேட்பான்.

மாரெக் போலந்துக்காரன், குழாய் வெல்டிங்கைச் சோதிப்பவன்.
பிரெஞ்சுப் படை அவனுடையது.
வெள்ளைக் கோட்டில் நாற்பத்தெட்டுப் பேர்,
ஒவ்வொருவனுக்கும் வெவ்வேறு மீசை.
மஹ்பூலாவில் அவன் மேசைமேல் பெட்டியைத் திறந்ததும்
“கூரை கழலுமா?” என்றான்.
உள்ளே சிப்பாய் நிறுத்தக் கழலத்தான் வேண்டும்.
ஐந்து கழலும்.
ஆறாவதை நேற்றிரவு ஒட்டிவிட்டேன்.
பசை அதிகமாகிவிட்டது என்று சொன்னேன்.

மூன்றாம் சுற்று. என் சிப்பாய்கள் ஊருக்குள்.
அவன் பீரங்கிக்கு ஐந்து போதும்,
ஊர் நடுவே நிற்பதால் ஆறு.
உருட்டினான்.
பகடை கிணற்றுச் சுவரில் மோதி, துள்ளி,
ஒருக்களித்திருந்த கதவு வழியே
ஆறாவது வீட்டுக்குள் போய்விட்டது.

கைபேசி விளக்கைப் பிடித்து
இரண்டு பேரும் கன்னத்தை மேசையில் வைத்துப் பார்த்தோம்.
இருட்டு. ஒரு வெள்ளை மூலை.
“விழுந்தது விழுந்ததுதான். கூரையைப் பெயர்.”
“பெயர்த்தால் சுவர் வரும்.”
“ஆறு. எனக்குத் தெரியும், ஆறு.”
கத்தியை எடுத்தான்.
நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.
திரும்பியபோது கத்தி மடக்கியிருந்தது,
அவன் வேறு பகடை உருட்டியிருந்தான். நான்கு.

ஒன்பதரைக்கு லிஃப்டில்
ஆளுக்கொரு பக்கம் பெட்டியைப் பிடித்தபடி இறங்கினோம்.
மூன்றாம் மாடியில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.
உள்ளே கடகடவென்று ஏதோ புரண்டது.

“போச்சு,” என்றான் மாரெக்,
“இப்போது மாறியிருக்கும்.”