ஐந்து பாகம், ஒரு சாண் குறைய

பெருமணலில் ஏறி வள்ளியூரில் மாறி
பாளையில் இறங்கும் வரை
ரெமிஜியுஸ் வாய் திறக்கவில்லை.
என் தம்பி கிளீட்டஸ் மடியில் மஞ்சள் பை,
பையில் சங்கத்துத் தாள்,
தாளில் என் நாலு வளையல்கள்
கிராம் கணக்கில்.

பொருட்காட்சித் திடலில்
ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் நடுவே
பதினோரு வள்ளங்கள்,
டயர் அடுக்கி அதன்மேல்
அடிவயிறு தெரியத் தெரிய.
தண்ணீருக்கு மட்டும் தெரிந்த இடம் அது.
எனக்கு ஏனோ
முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது.

மீன் வாடை இல்லை,
மண்ணெண்ணெய் வாடை இல்லை.
கல்யாண வீட்டுப் புது பீரோவைத் திறந்தாற்போல
ஒரு வாடை.

பேங்கில் வேலைபார்ப்பவர் போலிருந்த ஒருவர்
கறுப்புக் கண்ணாடி மாட்டிய கைக்குழந்தையை
உள்ளே உட்காரவைத்துப் படம் எடுத்தார்.
அது அழுதது. இன்னொரு படம் எடுத்தார்.

நாமக்கல் பையன், கழுத்து அட்டையில் தினகர்,
"ஏறிப் பாருங்க சார், சோபா மாதிரி இருக்கும்" என்றான்.
கடல் பாத்திருக்கியா என்று கேட்டான் கிளீட்டஸ்.
"மெரினா போயிருக்கேண்ணே.
கால் நனைச்சிருக்கேன்."

ரெமிஜியுஸ் வலை உரசும் விளிம்பை மட்டும்
விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு போனான்.
பிறகு இரண்டு கையையும் விரித்து
வள்ளத்தோடு ஒட்டி நின்று, நகர்ந்து, நின்று
அளந்தான்:
ஐந்து பாகம், ஒரு சாண் குறைய.
பலகையில் முப்பது அடி.
"ரெண்டு அடிய எங்க வச்சிருக்கிய?"
"மூக்கையும் சேத்து சார்."
அணியத்தை மூக்கு என்றவனிடம்
மேற்கொண்டு என்ன பேச.

ஏறினான்.
அணியத்தில் நின்று நெற்றியில் கை வைத்து
கணியம் பார்த்தான்.
ஊசிக்கோபுரத்துக்கு நேரே தண்ணித்தொட்டி,
ராட்டினத்தின் உச்சிக்கு நேரே செல்போன் டவர்.
"இந்த இடத்துல கீழ பார்" என்றான்.
தினகர் குனிந்து டயருக்கடியில் பார்த்தான்.
கிளீட்டஸ் சிரித்த சிரிப்பில்
அப்பளம் வாங்கியவர்கள் திரும்பினார்கள்.
கடலுக்கடியில் கிடக்கும் பாறையைத்தான்
எங்கள் ஊரில் பார் என்போம்.

அப்போதுதான் வந்தது ஐப்பசி மழை,
சொல்லாமல், முழுசாக.
திடலே கூடாரங்களுக்குள் ஓடியது.
அவன் மட்டும் இறங்கவில்லை.
பதினோரு வள்ளத்திலும் தண்ணீர் ஏறியது,
வெளியே அல்ல,
உள்ளே.

டீக்கப்பால் இறைத்தான், கப் கரைந்தது.
என் சோற்றுத்தூக்கை வாங்கி
அதன் மூடியால் இறைத்தான்.
"சார்! பின்னாடி அடைப்பான் இருக்கு!
திறந்தா தானா போயிரும்!"
"கடல்ல தொறந்தா?" என்றான் இவன், நிமிராமல்.

போன ஆனியில் கச்சான் காற்று
பழையதைத் தூக்கித் தூண்டில் வளைவுக் கல்லில் போட்டபோதும்
இப்படித்தான் இறைத்தானாம்.
கரைக்கு வந்து சேர்ந்தது
என்ஜினும் இவனும்.

கட்டிக்கொண்டு பத்தொன்பது வருஷம்.
வள்ளத்தை மணலில் தள்ளியிருக்கிறேன், கழுவியிருக்கிறேன்,
அதன்மேல் வலை உலர்த்தியிருக்கிறேன்.
ஏறியதில்லை.
பொம்பளை ஏறினால் பாடு இருக்காது என்பார்கள்.
இதற்கு இன்னும் பேரில்லை, நம்பரில்லை,
மந்திரிக்கவில்லை.
யாரைக் கேட்க?
சேலையை இடுப்பில் சொருகி
டயரில் கால் வைத்தேன்.
குறுக்குப் பலகையில் உட்கார்ந்து
தூக்கால் நானும் இறைத்தேன்.
அவன் பார்த்தான். இறங்கு என்று சொல்லவில்லை.

மழை விட்டதும் விலை கேட்டோம்.
மானியம் போக, என் வளையல் போக
இன்னும் ஒரு லட்சத்து எழுபதாயிரம் இடித்தது.
யோசிச்சுச் சொல்றோம் என்றான் கிளீட்டஸ்.
தினகர் எங்களுக்கு ஒரு காலண்டர் கொடுத்தான்,
அதில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடல்.

திரும்பும் பஸ்ஸில், நாங்குநேரி தாண்டி,
"ஆடிச்சு, கவனிச்சியா?" என்றான்.
டயர் மேல நிக்கது எப்படி ஆடும் என்றேன்.
"நீ கால் வச்சப்ப ஆடிச்சு."

ஈரத் தூக்கு என் மடியில்.
திறந்து மோந்து பார்த்தேன்:
புளிச்சோறு, அதற்கும் அடியில்
பீரோ.