நகக்கண்

சத்தம் கேட்கட்டும் என்று நிறுத்திய மின்விசிறிகள்
மறுபடி சுழலத் தொடங்கியதும்
செத்த ஓவியரைத் திரையிலேயே விட்டுவிட்டு
டத்தோ கெராமாட் சாலை மாமாக் கடைக்கு வந்துவிட்டோம்.

கதறி அழும்போதும் நடிகரின் தலைமுடி கலையவில்லை என்றார்
துறைமுகக் கணக்கர் மரியசூசை.
புஷ்பலீலாவுக்கு வேறு கோபம்:
மூன்று மணி நேரத்தில் அந்த மனைவி
ஒருதரம்கூட உட்காரவில்லையாம்.
உட்கார்ந்தாளா இல்லையா, எனக்குத் தெரியாது.
பாதியில் தூங்கிவிட்டேன்.
வசனம் அருமை என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

குணாளன் தே தாரிக்கை ஆறவிட்டுக்கொண்டிருந்தான்.
ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளுக்குச்
சாயம் அடிப்பவன்.
"பொய்ப் படம்," என்றான் கடைசியில்.
"நாப்பது வருசம் வரைஞ்ச மனுசனுக்கு
ஒரு நகக்கண்கூட அழுக்காகல."

சிரித்தோம்.
குவளையைச் சுற்றியிருந்த அவன் விரல்களைப் பார்த்ததும்
பாதிச் சிரிப்பை
ரொட்டியோடு விழுங்கினோம்.

காசு கொடுத்துவிட்டு எழும்போது
அவனேதான் மறுபடி ஆரம்பித்தான்:
"அவன் முதமுதல்ல வரைஞ்சானே ஒரு கதவு,
அது பச்சை."

கறுப்பு வெள்ளைப் படம்டா, என்றேன்.

"பச்சைதான்.
அடியில ஒரு கோட்டிங்
நீலம் குடுத்திருக்கான்."