நிதானமான ஆள்

ரயிலில் ஒரு ஸ்டேஷன் முன்பே எழுந்து நின்றுகொள்வேன்.
பச்சை மனிதன் வந்தாலும்
முதல் கூட்டம் போகட்டும் என்றிருப்பேன்.
யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால்
ஷூவுக்குள் கால்விரலை அசைத்துப் பார்த்து,
மூன்றுவரை எண்ணி,
அப்புறம்தான் எழுவேன்.
நிதானமான ஆள் என்று நம்பித்தான்
வளர்மதி என்னைக் கட்டிக்கொண்டாள்.

லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை எனக்கு.
எடுத்த எடுப்பில் இழுக்கக்கூடாது மோட்டார்,
மெல்லத் தொடங்கி மெல்ல ஏறவேண்டும்.
ஈசூனில் என் கைபட்டு அடங்கிய லிஃப்ட்டுகள்
நூறாவது இருக்கும்.

ஆதிரைக்கு ஒன்பது வயது.
பள்ளிக் கேன்டீனில் யாரோ கூப்பிட, சட்டென எழுந்தாள்.
ஈரத்துண்டைப் பிழிந்தாற்போல் இடதுகை முறுக்கி,
வாய் கோணி,
மீ சூப் பக்கத்துப் பிள்ளையின் மடியில்.
வேண்டுமென்றே செய்தாள் என்று எழுதி அனுப்பினார் ஆசிரியை.
வலிப்பு என்றது வீடு.

டாக்டர் தியோ அவளை உட்காரவைத்து
பேசிக்கொண்டே இருந்து, திடீரென்று
"எழு" என்றார்.
பதினெட்டு நொடி.
முழு நினைவோடு, எங்களைப் பார்த்தபடியே ஆடினாள்.
வலிப்பில்லை, வழிவழியாக வருவது,
சின்ன மாத்திரைக்கு அடங்கும் என்றவர்
பேனாவைத் திறந்தார்:
"குடும்பத்தில் வேறு யாருக்காவது?"

இல்லை என்றாள் வளர்மதி.
என் அப்பாவைத் துறைமுகத்தில்
கூத்தாடி என்பார்கள்.
நான் சுவரில் மாட்டியிருந்த
நரம்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்துக்குக் காத்திருந்தோம்.
எங்கள் எண் திரையில் விழுந்து மணி அடித்தது.
விரலை அசைத்தேன்.
குனிந்து என் ஷூவையே பார்த்தாள் ஆதிரை.
"அப்பா, நீங்களும் எண்றீங்களா?"
பதில் வராததால்
"நான் அஞ்சு வரைக்கும்" என்றாள்.

பட்டாளத்தில் சார்ஜன்ட் உயிரை எடுத்தபோதும்
சோம்பேறிப் பட்டத்தோடு தப்பித்தவன்,
பதினோரு வருஷம் ஒரே கட்டிலில் மறைத்தவன்,
எண்ணாமல் எழுந்தேன்.

தோள் முதலில் போனது. பிறகு தாடை.
மூக்குக்கண்ணாடி எங்கோ தெறித்தது.
வரிசை மொத்தமும் திரும்பியிருக்கும்;
எனக்குக் கேட்டது அவள் குரல் மட்டும்:
"ஏழு, எட்டு, ஒன்பது,
முடியப்போகுதுப்பா, பத்து…"

வளர்மதி கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள்.
என்னிடம் தரவில்லை.
கையிலேயே பிடித்துக்கொண்டு
டாக்டர் அறையைப் பார்க்க நடந்தாள்,
வேகமாக.