இறகு நேராக விழும் அறை

வீடு காட்டுவது என் தொழில்.
புந்தா அரேனாஸில் பதினோரு வருடமாகக்
கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறேன்.
ஜன்னல் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால்
பாதி வியாபாரத்தை நீரிணை முடித்துவிடும்.

நெல்டா மான்சிலா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.
கப்பல் பட்டறையில் இரும்பு ஒட்டுகிறவள்.
சட்டைப் பையிலிருந்து மஞ்சள் இறகொன்றை எடுத்தாள்,
தலைக்கு மேல் உயர்த்தினாள்,
விட்டாள்.

இறகு தயங்கியது. பிறகு
யாரோ கூப்பிட்டதுபோல் சமையலறைப் பக்கம் சாய்ந்து
கதவிடுக்கில் போய் ஒட்டிக்கொண்டது.
"அடுத்த வீடு."

நல்ல காற்றோட்டம் என்று சொல்ல வாயெடுத்தவள்
விழுங்கிக்கொண்டேன்.
இந்த ஊரில் காற்று ஓடாது, மோதும்.
அக்டோபரில் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றழைக்க
இங்கே ஒருவருக்கும் துணிவு வராது.

இரண்டாவது வீட்டில் வடக்கு வெயில், கம்பளம், வெதுவெதுப்பு.
அவள் நேரே போய் அலமாரியைத் திறந்தாள்.
முன்பிருந்தவர்கள் விட்டுப்போன ஒட்டாத சட்டி,
கறுப்பு, பளபளப்பு.
இது காய்ந்து புகைந்தால் பத்து நிமிடம் தாங்காது
என்றாள்.
எறிந்துவிடலாமே என்றேன்.
"இதை எறியலாம். கீழ்வீட்டுக்காரன் சட்டியை?"
இரு வீட்டுக்கும் பொதுவான புகைப்போக்கியைக்
கன்னம் உப்பி ஊதிக் காட்டினாள்.

மூன்றாவது வீட்டில்
எரிவாயுக் கணப்பின் முன் மண்டியிட்டாள்,
தேவாலயத்தில்கூட நான் அப்படி மண்டியிட்டதில்லை.
தீயின் நுனியில் மஞ்சள்.
"நீலமாக இருக்கணும்" என்றாள் என்னைப் பார்க்காமல்.
"ஐந்து கேனரி இருந்தது. ஜூலையில் நான்கு."
குடும்ப உறுப்பினர் எத்தனை என்ற கட்டத்தில்
அதுவரை ஒன்று என்று எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டு ஐந்து என்று போட்டேன்.

நான்காவதன் சொந்தக்காரர் தாராளமானவர்:
பறவை வைத்துக்கொள்ளலாம்,
பாடாமல் இருக்கும் பட்சத்தில்.
அவர் மடியில் பூனை.

மிஞ்சியது ஒன்று.
அதைக் காட்டவே எனக்குக் கூச்சம்.
சந்துக்குள், தாழ்ந்த கூரை,
ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தகரச்சுவர்.
கடலில் ஒரு சொட்டுகூடத் தெரியாது.
பதினான்கு பேர் வாசலோடு திரும்பிய வீடு.

அங்கே இறகு
கொத்தனாரின் தூக்குக்குண்டுபோல இறங்கி
அவள் பூட்ஸ்மேல் உட்கார்ந்தது.
மறுபடி விட்டாள். மறுபடி பூட்ஸ்.
உள்ளறையில், தாழ்வாரத்தில், குளியலறையில்கூட.

"டிசம்பரில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்குமே,
தூங்கவிடாதே, இங்கே எப்படி?"
இந்த அறையில்
மதியச் சாப்பாட்டுக்கே விளக்குப் போடவேண்டும் என்றேன்.
பதினோரு வருடத்தில்
வாடிக்கையாளரிடம் நான் சொன்ன முதல் முழு உண்மை.
அவள் சிரித்தாள்.
பிறகு ஒரு மணி நேரம் பேரம் பேசி
வாடகையில் இருபதாயிரம் பெசோ குறைத்தாள்.

சாவியைக் கொடுத்து வீடு வந்த பிறகுதான் பார்த்தேன்,
படிவத்தின் கிளிப்பில் சிக்கி
என்னோடு வந்திருந்தது இறகு.

முன்னறையில் விட்டேன், விளையாட்டாக.
சுழன்று தரைக்கு வந்தது, பரவாயில்லை.
சமையலறையில் கொஞ்சம் அலைந்தது.
மே மாதத்திலிருந்து இருமுகிற ஈவோவின் அறையில்
விளக்குப் போடாமல் கையை உயர்த்தினேன்.

சுவர் ஓரத்தில் விட்ட இறகு
சுவரைவிட்டு விலகி,
போர்வையைக் கடந்து,
முகவரி தெரிந்த தபால்போல
அவன் தலையணையில் இறங்கியது.

விரலை வைத்துத் தடவினேன்.
பலகைக்கும் பலகைக்கும் நடுவில்
ஒரு நூலிழை குளிர்.
மூன்று மருந்துப் புட்டிகள் வரிசையாக
அதற்குக் கீழேயே நின்றன.

இரவு இரண்டு மணி.
கட்டிலை இழுத்த சத்தத்தில் விழித்துக்கொண்டான்.
என்னம்மா பண்ற?

ஒன்றுமில்லை, தூங்கு.
வீடு மாறுகிறோம்.

எங்கே?

எதிர்ச்சுவருக்கு.