ஏத்தாத சாமான்

தில்லையம்பலத்தார் லொறிக் கதவைத் திறக்க முதல்
வாயைத் திறந்தார்:
காஸ் சிலிண்டர் ஏத்தமாட்டன்.
மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர், பெயின்ற் பேணி,
அசிட் பற்றரி, ஒண்டும் ஏத்தமாட்டன்.
போன வருசம் புளியங்குளத்தில
ஒரு வாத்தியாற்ர மெத்தை சும்மா இருந்து புகைஞ்சது.
வாடகையை விட மெத்தைக்குத்தான்
கூடக் குடுத்தனான்.

நேசராசா என்னைப் பார்த்தார்.
நான் வெல்டிங் கொட்டிலைப் பார்த்தன்.
தருமபுரத்தில பதினொரு வருசமாச் சேர்த்ததெல்லாம்
அந்த மனிசன் சொன்னதுக்குள்ளேயே நிண்டுது.
வெளியில மிஞ்சினது
கட்டில், கறிச்சட்டி, பிள்ளையின்ர சைக்கிள்.

ஒட்சிசன் சிலிண்டரைக் கிளிநொச்சிக் கடைக்காரன்
வந்து உருட்டிக்கொண்டு போனான்.
தின்னரும் பச்சைப் பெயின்ரும் பக்கத்து வீட்டு சுபோதினிக்கு.
நாங்கள் சாமான் கட்டி முடியிறதுக்குள்ள
அவளின்ர படலை பாதி பச்சை.

பிறிட்ஜைப் படுக்கப் போடாதேங்கோ.
கோழி பின்னால வேண்டாம், மூச்சடைச்சுப் போகும்,
கூடையோட முன்னுக்கு வரட்டும்.
உறுதி, அடையாள அட்டை, நகைநட்டு
மடியில வையுங்கோ தங்கச்சி.

எனக்கு.
இதை எனக்குச் சொல்லுறார்.
ரெண்டு தரம் சிப் மாத்தின அந்தப் பை
நித்திரையிலயும் என்ர தலைமாட்டை விட்டுப் போனதில்லை.
ஓமண்ணை எண்டன்.

சீற்றுக்குப் பின்னால அவற்ர சொந்த டீசல் கான்
ஒரு சாக்கால மூடிக் கிடந்தது.
மணந்தது. ஒருத்தரும் கேக்கேல்ல.

எல்லாம் ஏத்தின பிறகுதான்
கொட்டில் மூலையில அதைக் கண்டார்.
கம்பி நிமிர்த்த இவர் வைச்சு அடிக்கிற
எறிகணைக் கோது.
குந்தியிருந்து உள்ளுக்குப் பார்த்தார்.
உள்ளுக்கு ஒரு சிலந்தி.
வெறுங்கோதுதான் அண்ணை, எண்டார் நேசராசா.
தெரியும்.
எழும்பிச் சாரத்தைத் தட்டினார்.
ஏத்தமாட்டன்.
இந்த முறை புளியங்குளம் இல்லை, மெத்தை இல்லை,
கதை ஒண்டும் இல்லை.

இவர் அதைக் காலால தள்ளிக்கொண்டுபோய்
வேலிக் கட்டையடியில விட்டார்.
மழைக்குத் தண்ணி நிக்காமல்
கவிட்டும் வைச்சார்.

முறிகண்டியில தேங்காய் உடைச்சம்.
கச்சான் வாங்கினம், கோழிக்கும் நாலைஞ்சு.
பிறகு நெளுக்குளம் மட்டும்
கண்ணாடி மாதிரிக் காப்பெற் றோட்டு.
எண்டாலும் மதகு ஒவ்வொண்டிலயும்
கியரைக் குறைச்சு,
மூச்சைப் பிடிச்சு,
மெல்ல மெல்ல இறக்கி ஏத்தினார் அந்த மனிசன்,
பின்னால
அது இருக்கிற மாதிரி.