இரண்டு தட்டு

முக்கூடலில் செவ்வாய்க்கிழமை வசூல்.
பதினோரு பேர் ஒரு குழு,
ஒருத்தி கட்டாவிட்டால் பத்துப் பேர் பொறுப்பு
என்று அச்சடித்த அட்டை என் பையில்.
ஆற்றுப் பாலம் தாண்டும்போதே
மனசை வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன்.
பழக்கம்தான்.

அன்றைக்கு ஆவுடையம்மாள் வீட்டில்
டிவி ஓடிக்கொண்டிருந்தது.
"இரிங்க சார், இந்தக் கட்டம் முடியட்டும்"
என்றாள் மைதீன் பாத்து, முகம் திருப்பாமல்.
சொளவும் மடியுமாக ஒன்பது பேர்.
விரல்கள் தம் பாட்டுக்கு இலை சுருட்ட
கண்கள் மட்டும் கறுப்பு வெள்ளையில்.

எனக்குத் தெரிந்த படம்.
பாளையங்கோட்டை ஹாஸ்டலில், சாப்பாட்டுக் கூடத்தில்,
வார்டனின் வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டினார்கள்.
பிலிம் முழுக்கக் கீறல்.
"இம்புட்டு மழை பெய்யுது, பெறகு என்னல பஞ்சம்?"
என்று நான்தான் முதலில் கத்தினேன்.
கூடமே சிரித்தது.

பிறகு அது வந்தது.

கடன் கொடுத்தவர் முற்றத்தில்
முந்தி ஏந்தி நிற்கிறாள் ஒருத்தி.
படத்தில் அவளுக்குப் பெயர் கிடையாது.
கணக்கன் உழக்கில் அள்ளி
தலை வழித்துக் கொட்டுகிறான்.
அவள் உழக்கைக் கேட்டு வாங்கி
கவிழ்த்துப் பிடித்து
அடியில் இரண்டு தட்டு தட்டுகிறாள்.
டக். டக்.
ஏழோ எட்டோ அரிசி.
உழக்கை முந்தியால் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிறாள்.
அவ்வளவுதான்.
இசை இல்லை. அழுகை இல்லை.
கேமரா கூட அவள் கிட்டே போகவில்லை.

அன்றிரவு ஹாஸ்டலில் ஒருவனும்
தட்டில் சோறு மீதி வைக்கவில்லை என்று சொன்னால்
கேட்க நன்றாக இருக்கும்.
வைத்தோம். நானும் வைத்தேன்.
கழிவுத்தொட்டி விளிம்பில் தட்டைத் தட்டும்போதுதான்
கை ஒரு நொடி நின்றது.

இங்கே பதினெட்டுக் கைகள் நின்றன.
மடக்கின பீடி மடக்கினபடி.
"மூணாவது தட்டு தட்டினா என்ன கொறஞ்சா போவும்?"
என்றாள் முப்பிடாதி, திரையைப் பார்த்து.
"மூணாவது தட்டினா அவன் பாத்துருவாம்லா"
என்றாள் கோமு.
போன வாரம் தவணை தவறியவள்.
"எத்தன வாட்டி பாத்தாச்சி,
ஒவ்வொரு வாட்டியும்
இன்னைக்குத் தட்டிருவாளோன்னு இருக்கு எனக்கு."

விளம்பரம் வந்தது.
இருபது நிமிடத்தில் நகைக்கடன்,
சிரித்தபடி வளையல் கழற்றுகிறாள் நடிகை.
யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள்.

பணம் வந்தது.
கோமுவும் கட்டினாள், இரண்டு வாரத்துக்கும் சேர்த்து,
பத்தும் இருபதுமாய், புகையிலை நெடியோடு.
எங்கே வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை.
கேட்பது என் வேலையும் இல்லை.
எண்ணினேன். கையெழுத்துப் போட்டேன்.
பிறகு, பழக்கம்தான்,
ஓரம் சேர நோட்டுக்கட்டை நிமிர்த்தி
டிவி வைத்த பலகையில் தட்டினேன்.

டக். டக்.

ஒன்பது பேரும் நிமிர்ந்தார்கள்.
கோபம் இல்லை அந்தப் பார்வையில்.
இருந்திருக்கலாம்.

ஏழு மாசம் ஆச்சு.
வேலையை விடவில்லை.
நாளைக்கும் செவ்வாய்தான், நாளைக்கும் போவேன்.
நோட்டை மட்டும் தட்டி அடுக்குவதில்லை.
ஓரம் பிசிறிய கட்டாகவே ரப்பர் போட்டு
ஆலங்குளம் வங்கியில் நீட்டுகிறேன்.
கேஷியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார்.
"என்ன சார், ஒரு கட்டை
ஒழுங்கா அடுக்கத் தெரியாதா ஒமக்கு?"
ரப்பரைக் கழற்றி
இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்து
மேசைக்கு மேலே
தூக்குகிறார்.