தரம் பிரித்தல்

வளையல் வரவில்லை. சோப்பு நுரை போட்டு
இழுத்துக் கழற்றினாள் அந்த மிஷின் பெண்.
மெட்டி, தோடு, மூக்குத்தி எல்லாம் மருமகள் முந்தானையில்.
விரல் கறுப்பைப் பார்த்து, மருதாணியா என்றாள்.
கொட்டைப் பால் அம்மா,
முப்பது வருஷத்து முந்திரிக்கொட்டைப் பால்.
அது கழற்ற வராது.

குப்புறப் படுத்து, வலக்கையைத் தலைக்குமேல் நீட்டி,
சாமிக்கு விழுந்தவள் எழுந்திருக்க மறந்த மாதிரி
இருபத்தைந்து நிமிஷம்.
கை ஆடக் கூடாதாம்.
காடாம்புலியூரில் இந்தக் கை ஆடாவிட்டால்
கூலி கிடையாது.

தட்டுகிறது, நிறுத்துகிறது, வேறு கதியில் தட்டுகிறது.
நாற்பது பேர் கொட்டை உடைக்கும் கொட்டகையில்
மதியம் தூங்கிப் பழகியவள் நான்.
கண் அசந்துவிட்டது.

மஞ்சக்குப்பத்து டாக்டர் படத்தை விளக்கில் மாட்டினார்.
மூலையில்: அஞ்சலாட்சி, 52, வலது மணிக்கட்டு.
இது படகு எலும்பு. பஸ்ஸிலிருந்து விழுந்து
கை ஊன்றினீர்களே, அன்றைக்கே இடுப்பில் முறிந்திருக்கிறது.
நான் என் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன்.
எலும்புக்கும் இடுப்பு உண்டாம்.
எட்டு மாசம் சுளுக்கென்று பற்றுப் போட்டிருக்கிறேன்.

படகா?
எனக்கு அது பருப்பு.
அதே வளைவு, ஏறக்குறைய அதே பருமன்.
ஒரு பாதி வெள்ளை, மறு பாதி கருகல்.
ரத்தம் போகாத பாதி, என்று அவர் தொடங்குமுன்
எனக்குத் தெரிந்துவிட்டது.
கருகலை நாங்கள் தனிக் கூடையில் போடுவோம்.

முன்கை எலும்பில் ஒரு சில்லை
அதன் ரத்தக்குழாயோடு பெயர்த்து
முறிவில் பொருத்தி, குறுக்கே ஒரு திருகாணி.
ஒட்டு, என்றார்.
கொல்லையில் எத்தனை ஒட்டுக்கன்று நட்டிருப்பேன்,
எத்தனை பிடிக்காமல் போனது என்றும் தெரியும்.

ஐப்பசி மழையில் மறுபடி அதே மிஷின்.
காந்தம் திருகாணியைப் பிடுங்கிவிடாதா?
மூன்று தடவை கேட்டேன்.
டைட்டானியம், என்று மூன்று தடவை சொன்னாள்.

படத்தில் திருகாணி திருகாணியாக இல்லை.
ஒரு கறுப்பு வெட்டு, சுற்றிலும் கலங்கல்.
ஒட்டுச் சேர்ந்த இடம் பாதி அதற்குள் மறைந்துவிட்டது.
இங்கே பாருங்கள், என்று பேனாவால் காட்டினார்.
கருகலாக இருந்த பக்கம் சாம்பல்,
ஓரத்தில் வெளுப்பு.
மூலையில் என் வயது ஒன்று கூடியிருந்தது.

முழு வெள்ளை இல்லையே சார், என்றேன்.
சிரித்தார். உங்கள் கணக்கில் எப்படி?

படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன்,
அந்தக் கையாலேயே.
இரண்டாம் தரம்.
பொட்டலம் கட்டலாம், ஏற்றுமதிக்கு ஆகாது.